செட்டேன் பூஸ்டர் ஊற்றினால் லாரியின் கரும்புகை குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். 2012 மாடல் ஆறு சக்கர லாரி வைத்திருக்கிறீர்கள், பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் மூன்றாம் நிலை) வண்டி. லோடோடு ஏற்றம் ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது. அடுத்த மாதம் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். உதிரிபாகக் கடையில் ‘செட்டேன் பூஸ்டர்’ என்று ஒரு பாட்டிலைக் காட்டி, டேங்கில் ஊற்றினால் புகையும் மாசும் குறையும், மைலேஜும் கூடும் என்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதைச் சோதித்து நிரூபித்திருப்பதாகப் படித்தும் இருக்கிறீர்கள். ஊற்றலாமா, வேண்டாமா? ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. டீசல் எவ்வளவு எளிதில் தீப்பற்றுகிறது என்பது புகைக்குழாய் வழியே வரும் கழிவு வாயுக்களை மாற்றுமா என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மாற்றுமா என்பது இன்னொன்று. புகைச் சோதனைக் கருவியில் விழும் எண்ணை மாற்றுமா என்பது மூன்றாவது. முதலாவதற்கு ‘ஓரளவு மாற்றும்’ என்றும், இரண்டாவதற்கு ‘பெரும்பாலும் மாற்றாது’ என்றும் சொல்வேன். மூன்றாவதற்கு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் உங்கள் நாசிலையும் ஏர் ஃபில்டரையும்தான் கேட்க வேண்டும்.

டீசல் பம்ப், நாசில் வேலை செய்யும் பட்டறையில் பதினோரு ஆண்டுகளும், பிறகு எரிபொருள் சோதனைக்கூடம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளும் இருந்தவன் நான். பாட்டிலில் அடைக்கும் சேர்மங்களைத் தயாரிக்கும் வேதியியல் என் துறை அன்று. அவற்றை ஊற்றிய டீசல் எஞ்சினுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அளந்து பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியைப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே அதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ‘பெரும்பாலும்’ என்ற சொல் அடிக்கடி வரும். பொதுவான விஷயங்களில் அது தேவைப்படாது.

பெட்ரோல் எஞ்சினில் தீயை மூட்டப் பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துவதால் ஏறும் வெப்பத்தில், உள்ளே பீச்சப்படும் டீசல் தானாகவே பற்ற வேண்டும். பீச்சத் தொடங்கிய கணத்துக்கும் தீப்பற்றும் கணத்துக்கும் இடையே மில்லிசெகண்டுக் கணக்கில் ஒரு தாமதம் இருக்கும். அந்தத் தாமதம் எவ்வளவு குறைவோ அவ்வளவு உயர்ந்தது அந்த டீசலின் செட்டேன் எண். தாமதம் நீண்டால் என்ன ஆகும் என்பது பழைய பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்குத் தெரியும். பர்னர் சரியாகச் சூடேறும் முன்பே பம்ப் அடித்துவிட்டால் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும். தீ பிடிக்கும்போது மொத்தமும் சேர்ந்து ‘பக்’கென்று கூரைக்கு எழும். சிலிண்டருக்குள்ளும் அதுவே நடக்கிறது. தாமதத்தின்போது சேர்ந்துவிட்ட டீசல், காற்றோடு கலந்து காத்திருந்து, ஒரே நேரத்தில் வெடிப்பதுபோல எரிகிறது. அழுத்தம் திடீரென எகிறுகிறது. நாம் அதை எஞ்சின் ‘அடிக்கிறது’ என்கிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் அந்தக் கடகடச் சத்தத்தில் பெரும்பகுதி இதுதான். இப்படிச் சேர்ந்து எரிந்தது போக, மீதி டீசல் நாசிலிலிருந்து வரவர, காற்றைத் தேடிக் கலந்துகொண்டே நிதானமாக எரிகிறது. இந்த இரண்டு கட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளில் முதல் கட்டத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. கரி பிறப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

செட்டேன் எண்ணை அளக்கும் முறை இன்றைக்கும் சற்றுப் பழங்காலத்து முறைதான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். அதைத் திருப்பினால் சிலிண்டரின் அழுத்த விகிதம் கூடும், குறையும். பிஸ்டன் உச்சிக்கு வர 13 டிகிரி இருக்கும்போது டீசல் பீச்சப்படும். சரியாக உச்சியில் தீப்பற்றும்வரை கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். சோம்பலான டீசல் என்றால் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும், சுறுசுறுப்பான டீசல் என்றால் குறைவாக. கைச்சக்கரம் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, செட்டேன் எண் தெரிந்த இரண்டு ஒப்பீட்டு எரிபொருள்களை அதே எஞ்சினில் ஓட்டி, நம் டீசல் அவற்றுக்கிடையே எங்கே விழுகிறது என்று கணக்கிடுவோம். ஹெக்சாடெக்கேன் என்ற சேர்மத்துக்கு 100, ஹெப்டாமெத்தில்நோனேன் என்பதற்கு 15 என்று வைத்துக்கொண்ட அளவுகோல் இது. ஒரே ஆள், ஒரே எஞ்சினில் அளந்தால் ஏறத்தாழ ஒரு எண் முன்பின் வரலாம். இரண்டு வேறு சோதனைக்கூடங்கள் என்றால் 50 செட்டேன் அளவில் நான்கு எண் வரைகூட வேறுபாடு வருவதை அந்தச் சோதனை விதியே ஏற்றுக்கொள்கிறது. ‘எங்கள் பாட்டில் மூன்று எண் உயர்த்தும்’ என்று அட்டையில் படிக்கும்போது இந்த நான்கை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி முதல் கேள்வி. செட்டேன் எண் உயர்ந்தால் தீப்பற்றும் தாமதம் குறைகிறது. அதனால் சேர்ந்து வெடிக்கும் டீசலின் அளவு குறைகிறது, அழுத்தமும் வெப்பமும் சற்றே மட்டுப்படுகின்றன, காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதும் கொஞ்சம் குறைகிறது. தாமதத்தின்போது காற்றில் அளவுக்கு மீறிப் பரவி, நீர்த்துப்போய், எரிய முடியாமல் தப்பும் டீசலும் குறைவதால், எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் தெளிவாகவே குறைகின்றன. இதில் ஐயம் எதுவும் இல்லை. பல நாடுகளில், பலவகை எஞ்சின்களில் திரும்பத் திரும்பக் கண்டது. எவ்வளவு குறைகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். 1990களின் நடுவில் ஐரோப்பாவில் எண்ணெய் நிறுவனங்களும் வாகன நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய பெரிய சோதனைத் திட்டத்தில், செட்டேன் எண்ணை 50இலிருந்து 58க்கு உயர்த்திப் பார்த்தார்கள். இலகு வாகனங்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் கால்வாசி அளவுக்குக் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் அசையவே இல்லை எனலாம். நுண்துகள் 5 சதவீதம்போலக் கூடியது. கனரக எஞ்சின்களில் கார்பன் மோனாக்சைடு 10 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 6 சதவீதமும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் அரை சதவீதம்தான் குறைந்தன. நுண்துகளில் மாற்றமே இல்லை.

இலகு வாகனங்களில் நுண்துகள் கூடியது பலருக்கு வியப்பாக இருக்கும். மேலே சொன்ன இரண்டு கட்டங்களை நினைத்தால் வியப்பில்லை. சீக்கிரம் தீப்பற்றினால், காற்றோடு கலக்கக் கிடைக்கும் அவகாசமும் குறைகிறது. டீசலில் கூடுதலான பங்கு, கலக்காத நிலையிலேயே தீக்குள் நுழைகிறது. கரி கூட வாய்ப்பு உண்டாகிறது. எனவே ‘செட்டேன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு தவறு. 40இலிருந்து 50க்குப் போவதில் கிடைக்கும் நன்மை 50இலிருந்து 60க்குப் போவதில் கிடைப்பதில்லை.

நீங்கள் படித்த அமெரிக்கச் செய்தியின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் டீசலின் குறைந்தபட்ச செட்டேன் எண் இன்றைக்கும் 40தான். அங்கே ஒரு சேர்மத்தால் அதை 46, 48 என்று உயர்த்தினால், பழைய எஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் சில சதவீதம் குறைவது உண்மை. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் ஆராய்ந்தது. அதே அறிக்கை, புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்புள்ள எஞ்சின்களில் இந்தப் பலன் குறிப்பிடும்படி இல்லை என்றும் சொன்னது. விற்பவர்கள் மேற்கோள் காட்டும்போது அந்தப் பகுதி எப்படியோ விடுபட்டுப்போகிறது. இந்தியாவில் பி.எஸ்.3 காலத்திலிருந்தே டீசலின் குறைந்தபட்ச செட்டேன் எண் 51. உங்கள் எஞ்சின் எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதைத்தான் இன்றும் பங்கில் பிடிக்கிறீர்கள். அமெரிக்கக் கட்டுரையில் நோயாளியாக இருப்பது 40 செட்டேன் டீசல். உங்கள் டேங்கில் இருப்பதற்கு அந்த நோய் கிடையாது.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். செட்டேன் எண் இரண்டு வழிகளில் உயரும். டீசலிலேயே நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன் அதிகமாகவும் வளைய வடிவ அரோமேட்டிக் சேர்மங்கள் குறைவாகவும் இருந்தால் இயல்பாகவே உயரும். அல்லது, சாதாரண டீசலில் ஒரு சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து உயர்த்தலாம். இரண்டிலும் சோதனை எஞ்சின் காட்டும் எண் ஒன்றாக இருக்கலாம். புகைக்குழாயில் வருவது ஒன்றாக இருக்காது. அரோமேட்டிக் குறைந்த டீசல் அடர்த்தியிலும் குறைவு. ஒரே பம்ப் ஒரே கனஅளவைத் தள்ளும்போது எடையில் குறைவான எரிபொருள் உள்ளே போகிறது, கரி பிறப்பதற்கான மூலப்பொருளும் குறைகிறது. நான் சொன்ன அதே ஐரோப்பியச் சோதனையில், அடர்த்தியைக் குறைத்தபோது இலகு வாகனங்களில் நுண்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ‘உயர் செட்டேன் டீசல் நுண்துகளைக் குறைக்கிறது’ என்று எழுதும் கட்டுரைகளில் பல, உண்மையில் அரோமேட்டிக் குறைவின், அடர்த்திக் குறைவின் புகழைச் செட்டேன் கணக்கில் வரவு வைத்துவிடுகின்றன. பாட்டில் செட்டேன் எண்ணை மட்டும்தான் தொடும். அடர்த்தியையும் அரோமேட்டிக்கையும் தொடாது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன? பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் பொருள் 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். இதன் மூலக்கூற்றில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலுள்ள ஒரு பிணைப்பு மிகவும் பலவீனமானது. சிலிண்டரின் சூட்டில் டீசல் உடையும் முன்பே அது உடைந்து, எரிதலைத் தொடங்கிவைக்கும் துடிப்பான துண்டுகளைத் தருகிறது. அடுப்பில் விறகுக்கு முன்னால் தென்னம்பாளையைச் செருகுவதுபோல. லிட்டருக்கு அரை மில்லியிலிருந்து 2 மில்லிவரை கலந்தால் அடிப்படை டீசலைப் பொறுத்து மூன்று முதல் எட்டு எண் வரை உயரலாம். முதல் அரை மில்லிதான் அதிகம் உயர்த்தும், அதற்கு மேல் ஊற்றஊற்றப் பலன் தேய்ந்துகொண்டே போகும். இப்போது உங்கள் டேங்குக்குக் கணக்குப் போடுங்கள். 200 லிட்டர் டீசலுக்கு லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் என்றால் 200 மில்லி சுத்த நைட்ரேட் வேண்டும். கடையில் கிடைக்கும் 250 மில்லி பாட்டிலில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானாக இருந்தால், அது உயர்த்துவது ஒரு எண்ணோ அதற்கும் குறைவோ. எத்தனை சதவீதம் நைட்ரேட் என்று அட்டையில் போடாத பாட்டிலை நான் வாங்கமாட்டேன். போகிறபோக்கில் ஒரு எச்சரிக்கை: அந்த நைட்ரேட்டை முகர்ந்தாலோ தோலில் பட்டாலோ இரத்தக் குழாய்கள் விரிந்து தலைவலி வரும். சோதனைக்கூடத்தில் கையுறை போடாமல் அளந்த அன்று மாலை முழுவதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மூடி தளர்ந்த பாட்டிலைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு இரவு ஓட்டம் போகாதீர்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நம் டீசல் தரத்தில் செட்டேன் எண் 51 என்றும், செட்டேன் குறியீடு என்ற வேறோர் அளவு 46 என்றும் இரண்டு குறைந்தபட்ச எல்லைகள் உண்டு. குறியீடு என்பது அடர்த்தியையும் கொதிநிலைகளையும் வைத்துப் போடும் கணக்கு; கலந்த சேர்மம் அதன் கண்ணில் படாது. இரண்டுக்கும் இடையில் ஐந்து எண் இடைவெளி விட்டிருப்பதால், சுத்திகரிப்பு ஆலை தேவைப்பட்டால் இதே நைட்ரேட்டைக் கலந்து 51ஐ எட்ட இடம் இருக்கிறது. நீங்கள் பிடிக்கும் டீசலில் அது ஏற்கெனவே கலந்திருந்தால், உங்கள் பாட்டில் தேய்ந்துபோன பலனின் மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான்.

கரும்புகைக்கு வருகிறேன். வெள்ளைப்புகை என்பது எரியாத டீசலின் ஆவி. குளிர்ந்த எஞ்சினில் வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அதிகாலையில் ஸ்டார்ட் செய்யும் பழைய வண்டிகளில் அதைப் பார்க்கலாம். செட்டேன் உயர்ந்தால் அது நிச்சயம் குறையும். பாட்டிலுக்கு உரிய இடம் அதுதான். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்பது காற்று போதாமல் பாதியில் நின்றுபோன எரிதல். கரித்துகள்தான் அந்தக் கறுப்பு. டீசல் எப்போது பற்றியது என்பதைவிட, பற்றிய பிறகு அதற்குக் காற்று கிடைத்ததா, நாசில் அதைப் பனிபோலப் பீச்சியதா அல்லது சொட்டியதா என்பதுதான் இதை முடிவு செய்கிறது.

பட்டறையில் நாசில் டெஸ்டர் என்று ஒன்று வைத்திருப்போம். நாசிலைக் கழற்றி அதில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினால் அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட இடத்தில் நாசில் திறந்து டீசலைப் பீச்சும். நல்ல நாசில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரே அளவு மூடுபனியைத் தள்ளிவிட்டு, முனையை உலர்ந்ததாக விட்டுவிடும். கெட்ட நாசிலில் ஒரு பக்கம் பனியும் மறுபக்கம் நூல்போல ஓர் ஒழுக்கும் வரும். கைப்பிடியை விட்ட பிறகு முனையில் ஒரு சொட்டு திரண்டு, ஊசலாடி, கீழே விழும். அந்த ஒரு சொட்டு எஞ்சினுக்குள் கடைசியில், காற்றெல்லாம் தீர்ந்த பிறகு, எரிய வருகிறது. முனையில் கரியாகப் படிந்து அடுத்த பீச்சலையும் கெடுக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஒன்று, பூஸ்டர் பாட்டில்களாக வாங்கி ஊற்றிய பிறகும் புகை நிற்கவில்லை என்று எங்களிடம் வந்தது. ஆறு நாசில்களில் நான்கு சொட்டின. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது கருங்கல் தூள் ஒரு முறம் விழுந்தது. டிரைவர் பாட்டிலைக் குறை சொன்னார். எனக்கென்னவோ, அது தன்னால் முடிந்ததைச் செய்திருக்கும் என்றுதான் தோன்றியது.

இந்த இடத்தில்தான் வேறொரு வகைச் சேர்மத்துக்குப் பயன் உண்டு. நாசில் துளைகளில் படியும் கரியையும் பசையையும் கரைத்து, மீண்டும் படியாமல் காக்கும் டிடர்ஜென்ட் வகை அது. லேசாகப் படிந்த நாசிலில் சில டேங்க் டீசல் ஓடிய பிறகு பீச்சல் பழைய நிலைக்குத் திரும்புவதையும், அதனால் புகை குறைவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எஞ்சினைப் புதியதைவிட மேலாக்குவதில்லை, இழந்ததை மீட்கிறது, அவ்வளவே. தேய்ந்த நாசிலை எந்த டிடர்ஜென்டும் சரிசெய்யாது. ‘மல்ட்டி ஆக்ஷன்’ பாட்டில்களில் செட்டேன் நைட்ரேட்டும் டிடர்ஜென்டும் சேர்ந்தே இருப்பதால், புகை குறைந்தவர்கள் பலர் டிடர்ஜென்ட் செய்த வேலைக்குச் செட்டேனைப் பாராட்டுகிறார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், தனித்தனியே பிரித்து அளந்ததில்லை. பிசினாகப் படிவதற்கு டீசல் மட்டுமே காரணம் அன்று. டீசலைக் கால்வனைஸ் செய்த தகர டிரம்மில் சேமித்தால், துத்தநாகம் மெல்லக் கரைந்து கலக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு துத்தநாகமே காமன் ரெயில் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் அமைப்பு) நாசில்களை அடைக்கப் போதும். டிடர்ஜென்ட்டைச் சோதிக்கும் ஐரோப்பிய முறை ஒன்றில், வேண்டுமென்றே அந்த அளவு துத்தநாகத்தைக் கலந்துதான் நாசிலை அழுக்காக்குகிறார்கள்.

புகையை நேரடியாகக் குறைப்பதாகச் சொல்லும் உலோகச் சேர்மங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1960களிலும் 70களிலும் பேரியம் சேர்மங்களை டீசலில் கலந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு உண்மையிலேயே குறைந்தது. பேரியம் எரிந்து மறைந்துவிடுவதில்லை. சாம்பலாகப் புகையோடு வந்து, கரி குறைந்த இடத்தைத் தன் எடையால் நிரப்பியது. அந்த வழியை உலகம் கைவிட்டது. சீரியம், இரும்பு போன்ற உலோகச் சேர்மங்களுக்கு ஒரு நியாயமான இடம் இருந்தது. 2000இல் பெஜோ 607 காரில் கரிவடிகட்டி வந்தபோது, அதில் சேரும் கரி குறைந்த வெப்பத்திலேயே எரிந்து தீரும்படி சீரியம் சேர்மத்தைத் தனித் தொட்டியிலிருந்து டீசலில் கலந்தார்கள். அது வடிகட்டி உள்ள வண்டிக்கான ஏற்பாடு. வடிகட்டி இல்லாத உங்கள் வண்டியில் அந்த உலோகச் சாம்பல் நேரே தெருவுக்கு வரும். அட்டையில் உலோகத்தின் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் புகை குறையும் என்று சில ஓட்டுநர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு, அடர்த்தி குறைவதால். அதற்கு விலையாக, பம்பை உராய்விலிருந்து காக்கும் டீசலின் வழவழப்பைக் கொடுக்க வேண்டும். பி.எஸ்.3 டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) இருந்த கந்தகம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பிபிஎம்முக்கு வந்துவிட்டது. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்புத் தரும் பொருள்களும் போய்விடுவதால், ஆலையிலேயே அதற்கென்று சேர்மம் கலந்து ஈடு செய்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் சுவீடன் கந்தகம் நீக்கிய டீசலுக்கு மாறியபோது ரோட்டரி பம்புகள் வரிசையாகத் தேய்ந்துபோன பிறகு கற்ற பாடம் அது. கஷ்டப்பட்டுச் சேர்த்ததை மண்ணெண்ணெய் ஊற்றி நீர்க்கச் செய்ய வேண்டாம்.

உங்கள் கேள்வியின் கடைசியில், மச்சான் வண்டிக்கு ஊற்றும் ஆட்புளூவும் இதே மாதிரி ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. தனித் தொட்டியில் இருந்து, புகைக்குழாயில் தெளிக்கப்பட்டு, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றுகிறது. டீசல் டேங்கில் தவறி ஊற்றினால் பம்பும் நாசிலும் போய்விடும். ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை இறக்குவதுதான் வழி. பி.எஸ்.6 வண்டிகளில் புகைக்குழாயின் முனையில் வெளிவருவதை இந்த அமைப்பும் கரிவடிகட்டியும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. டீசலின் செட்டேன் எண் இரண்டு மூன்று கூடுவது அங்கே எண்ணத்தக்கதே அன்று.

புகைச் சோதனையைப் பொறுத்தவரை, டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் அடர்வை மட்டும்தான். எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாகக் கடைசிவரை மிதித்து, வெளிவரும் புகை வழியே ஓர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறைக்கப்படுகிறது என்று பார்க்கிறார்கள். உங்கள் பி.எஸ்.3 வண்டிக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ்.4 வண்டிக்கு 50. நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. ஆகவே பூஸ்டர் அவற்றை ஒரு சதவீதம் குறைத்திருந்தாலும் உங்கள் சான்றிதழில் அது ஏறாது. பூஸ்டர் அதிகம் குறைப்பதாகச் சொன்ன ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் நிறமற்றவை, அவையும் ஏறா. சோதனைக்கு வரும் வழியில் நெரிசலில் ஊர்ந்து வந்திருந்தால் சைலென்சர் சுவரில் படிந்த கரி முதல் மிதியில் உதிர்ந்து எண்ணைக் கெடுக்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் லோடோடு ஓட்டி, சூடு ஆறும் முன் சோதனைக்குப் போவது எந்தப் பாட்டிலையும்விடப் பலன் தரும்.

என் வண்டியாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் ஏர் ஃபில்டர். ஊதிப் போடுவதை விட்டுப் புதியதாக மாற்றுவேன். அடுத்து, மெக்கானிக்கல் பம்பாக இருந்தால் அதன் ஃபுல் லோட் ஸ்க்ரூவின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ‘வண்டி இழுக்கவில்லை’ என்று முந்தைய ஓட்டுநர் யாராவது டீசலை ஏற்றிவைத்திருப்பார். ஏற்றத்தில் கரும்புகை தள்ளும் வண்டிகளில் நான் பார்த்தவற்றில் இதுதான் முதல் காரணம். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் இறக்கி, சான்று வாங்கியதும் மறுபடி ஏற்றும் வழக்கத்தையும் அறிவேன். புகையாகப் போவது உங்கள் டீசல்தான் என்பதால் அதை நான் செய்து கொடுத்ததில்லை. பம்பைக் கழற்றி காலிப்ரேஷன் பெஞ்சில் ஏற்றி, அளவைக் கம்பெனி குறிப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காமன் ரெயில் வண்டி என்றால் நாசில்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது பீச்சாமல் டேங்குக்குத் திரும்பும் டீசலின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நாசில்களை டெஸ்டரில் மாட்டும்போது பக்கத்தில் நின்று, முனையில் சொட்டு திரள்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவை தேயாமல், படிவு மட்டும் இருந்தால், டிடர்ஜென்ட் உள்ள பாட்டில் ஒன்றை அட்டையில் சொன்ன அளவில் இரண்டு மூன்று டேங்குக்கு ஊற்றுங்கள்; அதில் செட்டேன் நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்திருந்தால் தவறில்லை, காலை ஸ்டார்ட்டிங் சற்று அமைதியாகும். மைலேஜ் கூடியதா என்பதை ஒரே டேங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். லோடும் வழித்தடமும் மாறினாலே அதைவிட அதிகம் மாறும். இதற்கெல்லாம் பிறகும் ஏற்றத்தில் மட்டும் புகை வந்தால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்புகளைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அங்கே காற்று கசிந்தால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, லோடில்தான் காட்டிக்கொடுக்கும்.